தொட்டியில் நடந்ததைப் பாசி சொல்லும்: பசுமைக்குடிலில் சிவப்புக் கடற்பாசி வளர்ப்பும் வேதிப் பகுப்பாய்வும்

ஒரே தாய்ப்பாசியிலிருந்து இரண்டு கைப்பிடி கிராசிலேரியா என்ற சிவப்புக் கடற்பாசியைப் பிய்த்து இரண்டு தொட்டிகளில் போடுங்கள். ஒன்றுக்கு நைட்ரஜன் கொடுங்கள், மற்றதைப் பட்டினி போடுங்கள். வெயில், காற்று, உப்பு எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு வாரத்தில் முதல் தொட்டிப் பாசி கருஞ்சிவப்பாக நிற்கும்; இரண்டாவது வைக்கோல் நிறத்துக்கு வெளுத்திருக்கும். ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் முதலாவதில் புரதமும் நிறமியும் தூக்கலாக இருக்கும், இரண்டாவதில் அகார் என்ற கூழ்ப்பொருள் தூக்கலாக இருக்கும். மரபணு ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். ஆகவே "கிராசிலேரியாவில் புரதம் எத்தனை சதவீதம்?" என்று கேட்டால் ஒற்றை எண்ணில் பதில் சொல்ல முடியாது. அறுவடைக்கு முந்தைய 2 வாரம் அது என்ன தின்றது, எவ்வளவு வெளிச்சம் பார்த்தது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

வளர்ப்பவர் ஒருவர், பகுப்பாய்வு செய்பவர் இன்னொருவர் என்று பிரித்துக்கொண்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பையை மட்டும் கைமாற்றும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. தொட்டிக் குறிப்பேடும் ஆய்வகக் குறிப்பேடும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பாசி என்பதை முதலில் முடித்துவிடுவோம். வெப்பமான சூழலில் தொட்டிக்கு ஏற்றது கிராசிலேரியா, அதாவது கஞ்சிப்பாசி இனம். துண்டு போட்டாலே வளரும். உப்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும். குளிர்ந்த நீர் கொடுக்க முடிந்தால் பால்மேரியா, காண்ட்ரஸ் என்ற சிவப்புப் பாசிகள் இரண்டும் நல்லவை. 10 முதல் 15 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். நோரித் தாள் செய்யப் பயன்படும் பைரோபியா, போர்ஃபிரா வகைகளைத் துண்டுபோட்டுத் தொடர்ந்து வளர்ப்பது கடினம். அவற்றின் வாழ்க்கையில் சிப்பி ஓட்டுக்குள் புகுந்து வாழும் நுண்ணிய இழைப் பருவம் ஒன்று உண்டு. அந்த இழையும் இலைபோன்ற பாசியும் ஒரே உயிரினம் என்று பிரிட்டன் பாசியியலாளர் கேத்லீன் ட்ரூ பேக்கர் 1949இல் காட்டிய பிறகுதான் அதன் வளர்ப்பே திட்டமிட்ட தொழிலானது. புதிதாகத் தொடங்குபவர் கிராசிலேரியாவில் கை பழகிக்கொள்வது நல்லது. கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் அதற்கானவை.

கூரையும் தொட்டியும்

பசுமைக்குடிலின் கூரையை வெப்பத்துக்கும் மழைக்கும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது தவறு. பாலிகார்பனேட் தகடு புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் மறித்துவிடும். கண்ணாடி அதில் ஒரு பகுதியை விடும். பாசி புற ஊதாவுக்கு எதிராக உருவாக்கும் மைகோஸ்போரின் வகை அமினோ அமிலங்கள் தாம் உங்கள் இலக்கு என்றால், பாலிகார்பனேட் கூரைக்குக் கீழே அவை குறைவாகவே கிடைக்கும். கூரையின் பொருள் கடைசியில் பகுப்பாய்வு எண்ணில் வந்து நிற்கும். குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே கூரை என்ன, எத்தனை மில்லிமீட்டர், எத்தனை வருடப் பழசு என்று எழுதி வையுங்கள்.

நண்பகல் வெயில் சதுர மீட்டருக்கு நொடிக்கு ஏறத்தாழ 2,000 மைக்ரோமோல் ஃபோட்டான். கிராசிலேரியாவின் ஒளிச்சேர்க்கை சில நூறிலேயே நிறைவடைந்துவிடும். அதற்கு மேல் வரும் வெளிச்சம் பாதிப்புதான். புதிதாகப் பாசி போட்ட தொட்டிக்கு 50 சதவீத நிழல்வலை கட்டாயம். பாசி அடர்ந்து ஒன்றுக்கொன்று நிழல் தரத் தொடங்கியதும் வலையைக் குறைத்துக்கொள்ளலாம். நீர் வெப்பநிலை 20 முதல் 30 டிகிரி வரை இருக்கட்டும். அதற்கு மேல் ஏறினால் முதலில் நுனிகள் வெளுக்கும், பிறகு துண்டு துண்டாக உடையும்.

தொட்டி எனும்போது நான் மனத்தில் வைத்திருப்பது 1 சதுர மீட்டர் பரப்பு, 60 சென்டிமீட்டர் நீர் ஆழம், அதாவது 600 லிட்டர். ஃபைபர் தொட்டி போதும். அடிப்பகுதி வளைவாக, மூலையே இல்லாமல் இருக்க வேண்டும். மூலை இருந்தால் பாசி அங்கே குவியும். குவிந்த இடத்தில் 2 நாளில் அழுகல் தொடங்கும். தொட்டிக்கு மேலே துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் இருக்கக் கூடாது. அதில் உப்புக்காற்று படிந்து, பனித்துளி சேர்ந்து, சொட்டுச் சொட்டாக நீரில் விழும். பித்தளை வால்வும் செம்பு இணைப்பும் அதைவிட ஆபத்து. செம்பு மிகக் குறைந்த அளவிலேயே பாசிக்கு நஞ்சு. எல்லா இணைப்பும் பிவிசியாக, ஆணி திருகு எல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இதையெல்லாம் கவனிக்காமல் விட்டுவிட்டு, வளர்ச்சி ஏன் மந்தம் என்று உரத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பலனில்லை.

அடியில் ஒரு ஓரமாக 25 மில்லிமீட்டர் பிவிசி குழாய் ஓட வேண்டும். அதில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் துளைகள், 10 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஓரத்தில் எழும் குமிழ்த்திரை நீரை மேலே தூக்கி எதிர்ப்பக்கம் இறக்கும். பாசி உருண்டுகொண்டே இருக்கும். ஒவ்வொரு துண்டும் சில நொடிக்கு ஒருமுறை மேலே வந்து வெயில் பட்டுக் கீழே போக வேண்டும். இந்த உருளல் கிளைகளைச் சுற்றி ஒட்டியிருக்கும் தேங்கிய நீர்ப்படலத்தையும் உடைக்கும்; அந்தப் படலம் இருந்தால் உரம் நீரில் இருந்தும் பாசிக்குப் போய்ச் சேராது. காற்றுக்கு எண்ணெயில்லாத ப்ளோயர் வேண்டும். அதை நீர்மட்டத்துக்கு மேலே பொருத்துங்கள். கீழே வைத்தால் மின்சாரம் போனதும் குழாய் வழியே உப்புநீர் பின்னோக்கி வந்து மோட்டாரைத் தின்றுவிடும். குழாயின் துளைகளில் சுண்ணாம்பு படியும். மாதம் ஒருமுறை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினால் போதும்.

எவ்வளவு பாசி, எப்படி எடை

சதுர மீட்டருக்கு 3 கிலோ ஈரப்பாசி என்று தொடங்குங்கள். 1 கிலோவுக்குக் கீழே போனால் வெளிச்சம் அதிகமாகி வெளுக்கும், மற்ற பாசிகள் இடம் பிடிக்கும். 5 கிலோவைத் தாண்டினால் ஒன்றையொன்று மறைத்து வளர்ச்சி நின்றுவிடும், உருளலும் நிற்கும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் அள்ளி, எடைபோட்டு, 3 கிலோவைத் திருப்பிப் போட்டு மிச்சத்தை அறுவடையாக எடுக்க வேண்டும்.

எடை போடுவதில்தான் பலருடைய வளர்ச்சிக் கணக்கு தப்பாகிறது. கையால் பிழிந்து எடைபோட்டால் ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு எடை வரும். துளையிட்ட சுழல்கூடையில் போட்டு, ஒவ்வொரு முறையும் அதே வேகத்தில் 60 நொடி சுற்றி, உடனே நிறுங்கள். 3,000 கிராம் போட்டு 7 நாளில் 4,200 கிராம் வந்தால், 4,200ஐ 3,000ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் 0.336. அதை 7ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு 4.8 சதவீதம். அறுவடை எடையை நாட்களால் வகுத்துச் சொல்வதைவிட இந்த எண்தான் ஒப்பிட உதவும்.

கார்பன்: யாரும் எண்ணாத பட்டினி

நைட்ரஜனைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். தொட்டியில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் கார்பன். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 1.2 கிலோ ஈர எடை கூடுகிறது. அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உலர் எடை என்றால் 120 கிராம். உலர் பாசியில் கார்பன் சுமார் 30 சதவீதம், ஆக 36 கிராம். கடல்நீரில் கரைந்திருக்கும் கனிமக் கார்பன் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிமோல், அதாவது 24 மில்லிகிராம். 600 லிட்டரில் மொத்தமே 14 கிராம்தான். பாசி ஒரு நாளில் 5 கிராம் கேட்கிறது. காற்றுக்குமிழ் கொஞ்சம் தரும், ஆனால் போதாது.

இது கண்ணுக்குத் தெரியாது. பிஎச் மீட்டரில் தெரியும். காலையில் 8.1 இருந்தது மதியம் 3 மணிக்கு 9ஐத் தாண்டியிருந்தால் பாசி கார்பனுக்குத் தவிக்கிறது என்று அர்த்தம். வழி இரண்டு. நாளொன்றுக்குத் தொட்டிக் கொள்ளளவைப் பலமுறை மாற்றும் அளவுக்குப் புதுக் கடல்நீர் ஓடவிடலாம். நீர் அவ்வளவு கிடைக்காவிட்டால் கரியமில வாயு சிலிண்டர், சொலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடுவது), பிஎச் கட்டுப்பாட்டுக் கருவி மூன்றையும் சேர்த்து, 8.3ஐத் தாண்டினால் வாயு திறக்கவும் 8.0க்கு வந்தால் மூடவும் அமைக்கலாம். இரவில் வாயு வால்வு கட்டாயம் மூடியிருக்க வேண்டும். இருட்டில் பாசியும் கரியமில வாயுவைத்தான் வெளிவிடுகிறது. பிஎச் உணர்முனையை வாரம் ஒருமுறை அளவுத்திருத்தம் செய்யாவிட்டால் இந்த ஏற்பாடே பாசியைக் கொல்லும் கருவியாகிவிடும்.

நைட்ரஜன்: எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது

அதே 120 கிராம் உலர் எடையில் நைட்ரஜன் 4 சதவீதம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 4.8 கிராம் நைட்ரஜன். அம்மோனியம் குளோரைடாக என்றால் 18 கிராம், சோடியம் நைட்ரேட்டாக என்றால் 29 கிராம். அம்மோனியத்தைப் பாசி வேகமாக உறிஞ்சும், இருட்டிலும் உறிஞ்சும். ஒரே தடவையில் முழுவதையும் போடாமல் வாரத்தில் 2 தடவையாகப் பிரித்துப் போடுங்கள். அப்போது ஒவ்வொரு தடவையும் நீரில் லிட்டருக்குச் சுமார் 285 மைக்ரோமோல் இருக்கும்.

நேரம் முக்கியம். இருட்டி 2 மணி நேரம் கழித்து, நீரோட்டத்தை நிறுத்திவிட்டு உரத்தைக் கலக்குங்கள். காலையில் நீரோட்டத்தைத் திறந்து மிச்சத்தை வெளியேற்றிவிடுங்கள். கிராசிலேரியா இரவு முழுக்கக் குடித்து உடம்பில் சேர்த்துவைத்து, அடுத்த சில நாட்களுக்கு அதைச் செலவழிக்கும். பச்சை இழைப்பாசிக்கும் டயாட்டம் என்ற நுண்பாசிக்கும் அவ்வளவு பெரிய களஞ்சியம் கிடையாது. பகலில் அவை வெறும் நீரைத்தான் பார்க்கும். பகலில் போடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிஎச் 8.1இல் அம்மோனியத்தில் ஏறத்தாழ 20இல் 1 பங்குதான் நச்சு அம்மோனியாவாக இருக்கும், 9.3ஐ நெருங்கினால் பாதியாகிவிடும். மதியம் 3 மணிக்கு, பிஎச் உச்சியில் இருக்கும்போது அம்மோனியம் குளோரைடைக் கொட்டினால், மறுநாள் பாசி ஆரஞ்சு நிறத்தில் கிடக்கும்.

பாஸ்பரஸ் அதிகம் தேவையில்லை. 1983இல் அட்கின்சனும் ஸ்மித்தும் கடலடித் தாவரங்களின் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் விகிதத்தைத் தொகுத்தபோது கிடைத்த இடைநிலை மதிப்பு 550:30:1. மிதவை நுண்ணுயிர்களுக்கான ரெட்ஃபீல்டு விகிதத்தை, அதாவது 106:16:1ஐ, அப்படியே பாசித் தொட்டிக்கும் போடுவோர் பாஸ்பேட்டை வீணாக்கி டயாட்டத்தை வளர்க்கிறார்கள். மேற்சொன்ன 4.8 கிராம் நைட்ரஜனுக்குச் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் வாரத்துக்கு 2 கிராம் தாராளம். இரும்பை, அதைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் இடிடிஏவோடு சேர்த்தே கொடுங்கள். வெறும் ஃபெரிக் குளோரைடு கடல்நீரில் துருவாக மாறி அடியில் படிந்துவிடும். நுண்சத்துகளுக்கு எஃப்/2 என்ற பாசி வளர்ப்புக் கலவையின் உலோகப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நிறுத்துவது கொடுப்பதைவிடப் பெரிய முடிவு. காண்ட்ரஸைத் தொட்டியில் வளர்த்தவர்கள் 1970களிலேயே கண்ட விஷயம் இது: நைட்ரஜனை நிறுத்தினால், ஒளிச்சேர்க்கை தொடர்ந்து சர்க்கரையை உருவாக்கும், புரதம் கட்ட நைட்ரஜன் இல்லாததால் அந்தச் சர்க்கரை செல்சுவரில் காராஜீனன் என்ற கூழ்ப்பொருளாகச் சேரும். இதற்கு நீஷ் விளைவு என்று பெயர். கிராசிலேரியாவில் அகாருக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆகவே அகார் வேண்டுமானால் அறுவடைக்கு 10 முதல் 14 நாள் முன்பு உரத்தை நிறுத்துங்கள். ஃபைகோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமியோ புரதமோ வேண்டுமானால் கடைசி உரம் போட்டு 2, 3 நாளில் அறுவடை செய்யுங்கள், நிழல்வலையையும் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே அறுவடையில் உச்சத்தில் எடுக்க முடியாது. பட்டினியில் பாசி முதலில் அழித்துத் தின்பது ஃபைகோஎரித்ரினைத்தான். அது நிறமி மட்டும் அல்ல, நைட்ரஜன் சேமிப்பும்கூட.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்பு ஆயிரத்துக்கு 28 முதல் 35. ஆவியானது வெறும் நீர்தான் என்பதால், குறைந்த மட்டத்தை நன்னீரால் நிரப்புங்கள். கடல்நீரால் நிரப்பிக்கொண்டே போனால் உப்பு ஏறும். தொட்டிச் சுவரில் பழுப்புப் படலம் என்றால் டயாட்டம்; சிறிய வளர்ப்புக் குடுவைகளில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஜெர்மானியம் டைஆக்சைடு அதைக் கட்டுப்படுத்தும், ஆனால் பெரிய தொட்டிக்கும் உணவுக்கான பாசிக்கும் அது வேண்டாம். கிளைகளில் அரைவட்டமாகக் கடித்த தழும்பு இருந்தால் ஆம்ஃபிபாட் என்ற சிறு இறால்போன்ற பூச்சி புகுந்திருக்கிறது. பாசியை 2 முதல் 3 நிமிடம் நன்னீரில் முக்கினால் பூச்சி கழன்று விழும். கிராசிலேரியா அதைத் தாங்கும். அதற்கு மேல் நேரம் போனால் முக்கிய நீர் இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கும். அந்த நிறத்தைப் பார்த்ததும் பாசியை எடுத்துவிடுங்கள். செல்கள் வெடித்து ஃபைகோஎரித்ரின் வெளியே வருகிறது என்று அர்த்தம்.

மாதிரி எடுப்பது

ஒரே தொட்டியில் 3 கைப்பிடி எடுத்து, 3 மாதிரி என்று எழுதுவது ஏமாற்று. அது ஒரு தொட்டியின் அளவீடுதான். 3 மாதிரி என்றால் 3 தொட்டி. மணி நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். பாசியின் சேமிப்புப் பொருள்களான ஃப்ளோரிடோசைடும் ஃப்ளோரிடியன் மாவுச்சத்தும் பகலில் சேர்ந்து இரவில் குறையும். காலை 6 மணி மாதிரியையும் மாலை 6 மணி மாதிரியையும் ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது சூரியனை.

எடுத்ததும் வடிகட்டிய கடல்நீரில் அலசுங்கள். கைக்கண்ணாடி வைத்து ஒட்டுப்பாசியைப் பொறுக்குங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் 5 முதல் 10 நொடி ஒரே முக்கு. மேலே ஒட்டிய உப்பு போக இது போதும். சுழல்கூடையில் சுற்றி, எடைபோட்டு, உடனே உறைய வையுங்கள். நிறமிக்கும் கொழுப்பமிலத்துக்கும் மைனஸ் 80 டிகிரியில் வைத்து உறைஉலர்த்தல். சாம்பலுக்கும் அகாருக்கும் 60 டிகிரி அடுப்பு போதும். எந்த மாதிரி எப்படி உலர்ந்தது என்று டப்பாவின் மூடியில் அல்ல, உடம்பில் எழுதுங்கள். மூடிகள் மாறிப்போகும்.

எண்களுக்குள் ஒளிந்திருப்பவை

ஈரப்பதம் 105 டிகிரியில், எடை மாறாத வரை. சாம்பல் 550 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம். உலையில் வைப்பதற்கு முன் சூடான தட்டில் கருக்கிக்கொள்ளுங்கள். நேரடியாக வைத்தால் தூள் புகையோடு பறந்து கிண்ணத்துக்கு வெளியே விழும். சிவப்புப் பாசியில் சாம்பல் உலர் எடையில் 15 முதல் 40 சதவீதம் வரை போகும். இந்த வீச்சில் பாதி, அலசியவரின் கைவேலை. அதனால் புரதத்தையோ அகாரையோ இரண்டு தொட்டிகளுக்கு இடையில் ஒப்பிடும்போது சாம்பல் நீக்கிய உலர் எடைக்கு மாற்றிக்கொண்டு ஒப்பிடுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

புரதத்துக்கு ஜெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவது இன்னமும் நடக்கிறது. பாசியில் அது மிகை. நிறமிகளிலும், தனி அமினோ அமிலங்களிலும், சேர்த்துவைத்த நைட்ரேட், அம்மோனியத்திலும் நைட்ரஜன் இருக்கிறது. அதெல்லாம் புரதம் அல்ல. ஆஞ்செலும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் கடற்பாசிகளுக்கு 5 என்ற காரணியை முன்வைத்தார்கள். நைட்ரஜன் 3.2 சதவீதம் என்றால், 6.25ஆல் 20 சதவீதம், 5ஆல் 16 சதவீதம். இரவில் அம்மோனியம் கொடுத்து மறுநாள் காலையே அறுத்த பாசிக்கு 5கூட அதிகமாக இருக்கலாம். அப்படிப்பட்ட மாதிரிக்கு நீராற்பகுத்து அமினோ அமிலங்களைத் தனித்தனியாக அளந்து கூட்டுவதே நேர்மையான வழி.

ஃபைகோஎரித்ரின் எனக்கு மிகப் பிடித்த அளவீடு. தொட்டியின் உடல்நிலையை இதைவிட விரைவாகச் சொல்லும் எண் இல்லை. 0.5 கிராம் ஈரப்பாசியைப் பனிக்கட்டிமேல் வைத்த உரலில், பிஎச் 6.8 கொண்ட 0.1 மோலார் பாஸ்பேட் கரைசலோடு நிறமற்ற கூழாகும்வரை அரையுங்கள். விளக்கை மங்கலாக்கிக்கொள்ளுங்கள். 10 மில்லியாக நிரப்பி, 4 டிகிரியில் மைய விலக்கு செய்தால் மேலே நிற்பது ரோஜா நிறக் கரைசல். பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் ஆரஞ்சாக ஒளிரும். அதன் உறிஞ்சலை 455, 564, 592 நானோமீட்டரில் அளந்து, பியர், எஷெல் இருவரும் 1985இல் தந்த சமன்பாட்டில் இடுங்கள். 564இன் அளவிலிருந்து 592இன் அளவைக் கழிக்க வேண்டும். அதிலிருந்து, 455க்கும் 592க்கும் உள்ள வித்தியாசத்தின் 0.20 மடங்கைக் கழிக்க வேண்டும், மிச்சத்தை 0.12ஆல் பெருக்கினால் மில்லிக்கு மில்லிகிராம். உறிஞ்சல்கள் 0.62, 0.11, 0.31 (முறையே 564, 592, 455) என்றால், 0.51இலிருந்து 0.04 போக 0.47, 0.12ஆல் பெருக்க 0.056. 10 மில்லிக்கு 0.56 மில்லிகிராம், ஒரு கிராம் ஈரப்பாசிக்கு 1.1 மில்லிகிராம். 592இன் அளவு வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிந்தால் கரைசல் கலங்கியிருக்கிறது. திரும்ப மைய விலக்கு செய்யுங்கள். அரைத்த கூழ் இன்னும் சிவப்பாக இருந்தால் பிரித்தெடுப்பு முடியவில்லை. இரண்டாம் முறை கரைசல் ஊற்றி எடுத்துச் சேர்க்க வேண்டும். 60 டிகிரி அடுப்பில் உலர்த்திய பாசியில் இதை அளக்காதீர்கள், புரதம் குலைந்திருக்கும்.

மொத்தச் சர்க்கரைக்குப் பீனால்-கந்தக அமில முறை, 490 நானோமீட்டர். இதில் வழக்கமான தவறு, குளுக்கோஸைத் தரநிலையாக, அதாவது ஒப்பிடும் அளவுகோலாக, வைப்பது. அகாரும் காராஜீனனும் கேலக்டோஸால் ஆனவை. தரநிலையும் கேலக்டோஸாக இருக்கட்டும். அப்படியும் அவற்றில் உள்ள 3,6-அன்ஹைட்ரோகேலக்டோஸ் என்ற சர்க்கரை அமிலத்தில் சிதைந்துவிடுவதால் எண் குறைவாகவே வரும். அதற்கு ரிசார்சினால் முறையைத் தனியாகச் செய்ய வேண்டும். கார்போஹைட்ரேட்டை அளக்காமலே, நூறிலிருந்து மற்றதைக் கழித்து எழுதிவிடுவதை நான் நம்புவதில்லை. மற்ற நான்கு அளவீடுகளின் பிழைகளும் அந்த ஒரே எண்ணில் போய்க் கொட்டும். அளந்து கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 90க்குக் கீழே வந்தால் எங்கோ ஒன்று தப்பு, பெரும்பாலும் சர்க்கரையில்தான்.

அகார் எடுக்கும்போது முதலில் உலர் பாசியை 5 சதவீதச் சோடியம் ஹைட்ராக்சைடில் 80 முதல் 90 டிகிரியில் 1 முதல் 2 மணி நேரம் வைக்க வேண்டும். காரம், கேலக்டோஸ்-6-சல்ஃபேட்டை அன்ஹைட்ரோகேலக்டோஸாக மாற்றுகிறது. சங்கிலியில் இருந்த முறுக்கு நீங்கி, கூழ் உறுதியாகிறது. பிறகு காரம் போகும்வரை கழுவி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் பிஎச்சை 6.5க்குக் கொண்டுவந்து, காய்ச்சி வடித்த நீரில் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டுச் சூட்டோடு வடிகட்டுங்கள். பிஎச் 6க்குக் கீழே கொதித்தால் சங்கிலி அறுந்து கூழ் இளகும். காரம் மிஞ்சினால் மஞ்சள் நிறம் வரும். வடிகட்டும் கரைசல் ஆறினால் துணியிலேயே உறைந்துவிடும் என்பதால் புனலையும் சூடாக வைத்திருக்க வேண்டும். உறைந்த கூழை ஒரு இரவு உறைநிலையில் வைத்து, இளக்கி, நீரை வடித்து, 60 டிகிரியில் உலர்த்துங்கள். காரச் சிகிச்சை செய்ததற்கும் செய்யாததற்கும் அகார் அளவு வேறு, உறுதி வேறு. பொதுவாக, காரம் அளவைக் குறைத்து உறுதியைக் கூட்டும். எது என்று எழுதாத அகார் எண்ணுக்கு மதிப்பில்லை. அகச்சிவப்பு நிறமாலை இருந்தால் 1,250 செ.மீ⁻¹ அருகே சல்ஃபேட், 930 செ.மீ⁻¹ அருகே அன்ஹைட்ரோகேலக்டோஸ் தெரியும். இரண்டின் உயர விகிதம் காரச் சிகிச்சை வேலை செய்ததா என்று சொல்லிவிடும்.

கொழுப்பு சிறிதுதான், உலர் எடையில் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம். குளோரோஃபார்ம்-மெத்தனால் 2:1 கலவையில், ஆக்சிஜனேற்றத் தடுப்பானாக பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுவீன் (BHT) சேர்த்து எடுக்கலாம். பச்சையம் கூடவே வந்து எடையை உயர்த்தும். அதனால் எடையால் சொல்வதைவிட, கொழுப்பமில மெத்தில் எஸ்டராக மாற்றி வாயு நிறப்பிரிகையில் உள்தரநிலையோடு அளப்பது நம்பகமானது.

கனிமங்களில் இரண்டு பொறிகள். அயோடினை நைட்ரிக் அமிலச் செரிமானத்தில் தேடினால் பெரும்பங்கு ஆவியாகிப் போயிருக்கும். அதற்கு டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு போன்ற காரப் பிரித்தெடுப்பு வேண்டும். ஆர்செனிக்கை ஐசிபி-எம்எஸ் என்ற நிறை நிறமாலைக் கருவியில் அளக்கும்போது, கடல் உப்பின் குளோரினும் கருவியின் ஆர்கானும் சேர்ந்து ஆர்செனிக்கின் அதே 75 நிறையில் போலிச் சமிக்ஞை தரும். ஹீலியம் மோதல் அறையை இயக்காமல் அளந்தால் இல்லாத ஆர்செனிக் தெரியும். உண்மையான மொத்த அளவு கிடைத்த பின்னும் பயப்படவோ நிம்மதி அடையவோ அவசரம் வேண்டாம். சிவப்புப் பாசியில் பெரும்பகுதி ஆர்செனோசர்க்கரை என்ற கரிமச் சேர்மமாக இருக்கும். நச்சுத்தன்மைக்குப் பார்க்க வேண்டியது கனிம ஆர்செனிக்கைத் தனியே பிரித்து அளந்த எண்.

அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புப் பாசியை வளர்ப்பவர்கள் தேடும் புரோமின் சேர்மமான புரோமோஃபார்ம் எளிதில் ஆவியாகும். அடுப்பில் உலர்த்திய மாதிரியில் அது பெருமளவு போயிருக்கும். பறித்ததும் உறையவைத்து, உறைஉலர்த்தி, காற்றிடம் இல்லாமல் மூடிய குப்பியில் மெத்தனாலில் எடுக்க வேண்டும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பகுப்பாய்வு எண்ணுக்கும் பக்கத்தில் ஆறு விவரங்கள் எழுத இடம் விடுங்கள்: தொட்டி எண், அடர்த்தி, கடைசி உரம் போட்ட நாளும் மணியும், மதிய பிஎச் உச்சம், நிழல்வலை, மாதிரி எடுத்த மணி.